அக்டோபர் கடைசி வாரம்

நியூ ஜெர்சியில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் நிதியுதவி அலுவலகத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். ஒவ்வொரு செமஸ்டர் தொடங்கும் முன்பும் எங்கள் அறைக் காலண்டரில் ஒரு தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்போம். இலையுதிர் கால செமஸ்டர் என்றால் அது பெரும்பாலும் அக்டோபர் கடைசி வாரத்தில் வரும். மாணவர்களுக்குத் தருகிற கால அட்டவணையில் கட்டணம் கட்டக் கடைசி நாள் இருக்கும், பாடம் மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் இருக்கும், தேர்வு நாட்கள் இருக்கும். இந்தத் தேதி இருக்காது. ஆனால் நடுவில் படிப்பை விட நேர்ந்த ஒரு ஏழைப் பிள்ளைக்கு அந்த செமஸ்டரில் அதைவிட முக்கியமான நாள் வேறில்லை.

நான் அந்த வேலைக்குப் போனது 2009ல். அதற்கு முன் கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். கணவரின் வேலைக்காக இங்கே வந்து, கிரீன் கார்டு கைக்கு வரும்வரை வீட்டில் இருந்தேன். வந்ததும் முதலில் கிடைத்தது இந்த கவுன்ட்டர் வேலை. பொருளாதாரச் சரிவில் வேலை போனவர்களெல்லாம் ஏதாவது படித்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கல்லூரிக்கு வந்து வரிசையில் நின்ற காலம் அது. பேரன் எடுத்தவர்கள்கூட நின்றார்கள். எல்லோர் கையிலும் ஃபேஃப்சா விண்ணப்பத்தின் அச்சுப் பிரதி.

அமெரிக்க மத்திய அரசின் படிப்பு உதவிகள் பெரும்பாலும் அந்த ஒரே விண்ணப்பத்தின் வழியாகத்தான் வருகின்றன. இவற்றுக்கு மூலம் 1965ல் வந்த உயர்கல்விச் சட்டம். அதிபர் லிண்டன் ஜான்சன் அதில் கையெழுத்திட்ட இடம் வாஷிங்டன் அல்ல, டெக்சஸில் சான் மார்கஸ் என்ற ஊர். தான் படித்த கல்லூரிக்கே போய்க் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தின் நான்காம் பகுதியைத்தான் அலுவலகத்தில் 'டைட்டில் ஃபோர்' என்போம். பெல் கிராண்ட், மத்திய அரசின் மாணவர் கடன்கள், பெற்றோர் வாங்கும் பிளஸ் கடன் எல்லாம் அதில் அடக்கம். இதில் பெல் ஏழைப் பிள்ளைகளுக்கானது. திருப்பிக் கட்ட வேண்டாத பணம். 1972ல் வேறு பெயரில் தொடங்கி, 1980ல் ரோட் ஐலண்டின் செனட்டர் கிளைபோர்ன் பெல்லின் பெயரைப் பெற்றது. எங்கள் கல்லூரி மாதிரி இடங்களில் அந்தப் பணம் இல்லாவிட்டால் வகுப்பறைகளில் பாதி காலியாகத்தான் இருக்கும்.

திருப்பிக் கட்ட வேண்டாத பணம் என்றேன். அந்தப் பேச்சு, மாணவர் செமஸ்டரை முடிக்கும்வரைதான். நடுவில் எல்லா வகுப்புகளையும் விட்டுவிட்டால் கதை மாறிவிடும். செமஸ்டர் தொடக்கத்தில் தரப்படும் உதவி முன்பணமாக வாங்கிய நாள்கூலி மாதிரி. எத்தனை நாள் படிப்பில் இருந்தாரோ அத்தனை நாளுக்கு உரியது மாணவருடையது, மீதி அரசாங்கத்துடையது. 1998ல் வந்த சட்டத் திருத்தம்தான் இதை இப்படி நாள் கணக்காக ஆக்கியது. செமஸ்டரில் அறுபது சதவீதத்தைத் தாண்டிவிட்டால் மட்டும் முழு உதவியும் மாணவர் சம்பாதித்ததாக ஆகிவிடும். காலண்டரில் நாங்கள் வட்டமிட்டது அந்த நாளைத்தான்.

அலுவலகத்தில் இதற்குப் பெயர் 'ஆர்-டு-டி-ஃபோர்'. கம்ப்யூட்டரே போட்டுவிடும் கணக்குதான். ஆனாலும் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்த சக ஊழியர், ஒரு கறுப்பினப் பெண்மணி, முதல் சில கணக்குகளைக் காகிதத்தில் போடச் சொன்னார். "நீ கையால் போட்டால்தான் கவுன்ட்டரில் அந்தப் பிள்ளைக்கு உன்னால் விளக்க முடியும்" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகு நிறைய முறை நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 25 தொடங்கி டிசம்பர் 12ல் முடிகிற செமஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். வார இறுதிகளையும் சேர்த்து 110 நாட்கள். தொடர்ந்து ஐந்து நாளோ அதற்கு மேலோ வரும் விடுமுறையைக் கழித்துவிட வேண்டும் என்பது விதி. தாங்க்ஸ்கிவிங் சமயத்தில் புதன் முதல் ஞாயிறு வரை ஐந்து நாள் மூடியிருந்தால் மிச்சம் 105. அதில் அறுபது சதவீதம் 63 நாள். அதைத் தாண்ட வேண்டும் என்பதால் 64ஆம் நாள், அதாவது அக்டோபர் 27. அக்டோபர் 26ல் விலகியவருக்கும் 27ல் விலகியவருக்கும் நடுவில் ஒரு இரவுதான். முந்தினவர் கணக்கில் நூற்றுக்கு நாற்பது திரும்பிப் போகும். பிந்தினவர் கணக்கில் ஒரு சென்ட்கூடப் போகாது.

இந்தக் கணக்கு ஒரு குடும்பத்தில் என்ன செய்யும் என்பதை எனக்குப் புரியவைத்தது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பெண்.

2014 அக்டோபர் முதல் வாரம். பத்தொன்பது வயதிருக்கும். அவளுடைய அப்பாவுக்குப் புகலிடம் கிடைத்து, பிறகு அம்மாவையும் இவளையும் தம்பியையும் வரவழைத்துக்கொண்ட குடும்பம். புகலிடம் பெற்றவர்களுக்கும் மத்திய அரசின் படிப்பு உதவி உண்டு. ஸ்டூடண்ட் விசாவில் வரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடையாது. அந்த வித்தியாசம் அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த உதவியை அவள் ஒரு கௌரவமாகவே நினைத்தாள். அப்பா பெட்ரோல் பங்கில் வேலை செய்தார். நியூ ஜெர்சியில் வண்டிக்காரர் தானே இறங்கி பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சட்டம் விடாது. ஆள் நின்று போட வேண்டும். அதனால் புதிதாக வந்தவர்களுக்கு அந்த வேலை எளிதில் கிடைக்கும். இரவு ஷிப்டில் நின்றுகொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது.

கவுன்ட்டர் மேல் இருந்த என் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, தயங்கி, தமிழில் பேசினாள்.

"அன்ரி, நான் படிப்பை விடப்போறன்…"

"கொஞ்சம் இரும்மா. நீ இப்ப சொல்றது முடிவா, கேள்வியா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் அன்ரி?"

நிறைய வித்தியாசம் இருந்தது. எங்கள் கல்லூரியில் தினசரி வருகைப் பதிவு கட்டாயமில்லை. அப்படிப்பட்ட கல்லூரிகளில், மாணவர் விலகப்போவதாக வாயால் சொன்னாலும் எழுத்தில் சொன்னாலும் அந்தத் தேதியே விலகிய தேதியாக ஆகிவிடலாம். படிவத்தில் கையெழுத்துப் போட்ட தேதிவரை காத்திருக்காது. ஆனால், விலகினால் என்ன ஆகும் என்று விவரம் மட்டும் கேட்டால் அது விலகல் ஆகாது. விதிகளே அப்படித்தான் பிரித்து வைத்திருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு யாரும் கவுன்ட்டருக்கு வருவதில்லை. அவசரத்தில், அழுகையில், முடிவாகவே சொல்லிக்கொண்டு வருவார்கள். அதனால் எங்கள் அலுவலகத்தில் முதல் கேள்வியே அதுதான்.

"அப்ப கேள்வி எண்டே வையுங்கோ" என்றாள்.

பின்னால் இருந்த சிறிய அறைக்குக் கூட்டிப்போனேன். அந்த வருடம் முழு பெல் 5,730 டாலர். அவளுக்கு அந்த செமஸ்டருக்கு ஏறத்தாழ 2,800 வந்திருந்தது. கல்லூரிக் கட்டணம் 2,000 போக மீதி 800 அவள் கைக்கு ரீஃபண்டாக வந்து, புத்தகத்துக்கும் பஸ் பாஸுக்கும் வீட்டு வாடகைக்குமாகப் போய்விட்டது. அக்டோபர் 5ஆம் தேதி விலகினால் 42 நாள். 105ல் நாற்பது சதவீதம். அப்படியென்றால் 2,800ல் அவள் சம்பாதித்தது 1,120. மீதி 1,680 திரும்பிப் போக வேண்டும். அதில் கல்லூரியின் பங்கு, கட்டணம் 2,000ல் அறுபது சதவீதம், 1,200. அதைக் கல்லூரி 45 நாளுக்குள் அரசாங்கத்துக்கு அனுப்பிவிடும். பாக்கி 480 மாணவியின் பங்கு. இங்கே சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: கிராண்ட் பணத்தில் பாதிவரை மாணவரிடம் திருப்பிக் கேட்பதில்லை. 480 அந்த வரம்புக்குள் இருந்ததால் அவள் அரசாங்கத்துக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை.

"அப்ப பிரச்சினை இல்லைத்தானே?" என்று நிமிர்ந்து பார்த்தாள்.

பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. கல்லூரி திருப்பி அனுப்பிய 1,200 டாலர் அவளுடைய கட்டணமாக வரவு வைக்கப்பட்டிருந்த பணம். அது போய்விட்டதால் கட்டணக் கணக்கில் 1,200 பாக்கி விழுந்துவிடும். கல்லூரி தன் கட்டணத்தைத் திருப்பித் தருவது முதல் சில வாரங்களுக்குத்தான். அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆக அவள் போன பிறகு, அவள் உட்காரப்போகாத வகுப்புகளுக்கும் சேர்த்து 1,200 டாலருக்கு ஒரு பில், அப்பா படுத்திருக்கிற வீட்டுக்கு வந்து சேரும்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை அன்ரி. பெல் காசு திருப்பிக் குடுக்கத் தேவையில்லை எண்டுதானே சொன்னவை?"

நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். காகிதத்தில் எழுதி, கோடு போட்டு, அம்புக்குறி போட்டு. கும்பகோணத்தில் நகைக்கடன் வாங்க வருகிற பாட்டிகளுக்கு வட்டிக் கணக்கை விளக்கிய பழக்கம் எனக்கு இருந்தது. அவள் புத்திசாலி, இரண்டாம் முறையில் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டதும் அழ ஆரம்பித்தாள். "அப்பாக்கு இதொண்டும் சொல்லேலாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இனி என்ன வழி என்று பார்த்தோம். அறுபது சதவீதம் தாண்ட மூன்று வாரம் இருந்தது. அதுவரை நிஜமாகவே வகுப்புகளுக்கு வந்துவிட்டு விலகினால் பாக்கி விழாது. ஆனால் அவள் ஒரு கடையில் பகல் ஷிப்டை ஒப்புக்கொண்டிருந்தாள். காலை வகுப்புகளுக்கு வர முடியாது. இன்னொரு வழி, எல்லாவற்றையும் விடாமல் இருப்பது. இந்த நாள் கணக்கு, எல்லா வகுப்புகளையும் விட்டவருக்குத்தான். ஒன்றிரண்டை விட்டுவிட்டு ஒரு வகுப்பையாவது கடைசிவரை படித்தால், அவர் விலகியவர் ஆக மாட்டார். செமஸ்டர் தொடக்கத்தில் உதவித் தொகையை இறுதியாக்கும் நாளும் கடந்துவிட்டதால் பெல்லும் குறையாது. அவளுக்கு ஒரு மாலை வகுப்பும், ஆன்லைனில் ஒரு வகுப்பும் இருந்தன. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விடுவது என்று முடிவு செய்தோம். முடிவு செய்தோம் என்றா சொன்னேன்? அவள்தான் செய்தாள். நான் எதிரே உட்கார்ந்து காகிதம் கொடுத்தேன்.

அதற்கும் ஒரு விலை இருந்தது. முயன்ற பாடங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காவது முடித்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் உதவி நின்றுபோகும் அபாயம் உண்டு. விலகிய பாடம் மதிப்பெண் சராசரியைத் தொடாது, ஆனால் இந்தக் கணக்கில் முயன்று முடிக்காததாக நிற்கும். அவளுக்குப் பாதிதான் முடியும். ஒரு செமஸ்டருக்கு எச்சரிக்கை வரும், அடுத்த செமஸ்டரில் ஈடுகட்ட வேண்டும், முடியாவிட்டால் அப்பாவின் மருத்துவமனைத் தாள்களை வைத்து முறையீடு எழுதலாம் என்று சொல்லி அனுப்பினேன். மருத்துவமனைத் தாள் ஒன்றையும் தூக்கிப் போடாதே என்று மட்டும் இரண்டு மூன்று தரம் சொன்னேன்.

டிசம்பரில் இரண்டு பாடங்களிலும் தேறினாள். வசந்த காலத்தில் மூன்று பாடம் எடுத்தாள். அதன் பிறகு அவளை கவுன்ட்டரில் அதிகம் பார்க்கவில்லை. எங்கள் வேலையில் பார்க்காமல் இருப்பது நல்ல செய்தி.

என் மனதில் அதிகம் நிற்பவர்கள் கவுன்ட்டருக்கு வராமலே போனவர்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுபவர்கள். செமஸ்டர் முடிந்து மதிப்பெண் வந்ததும், எல்லாப் பாடத்திலும் எஃப் வாங்கியவர்களின் பட்டியல் ஒன்று எங்களிடம் வரும். அவர்கள் கடைசிவரை இருந்து தோற்றார்களா, நடுவிலேயே நின்றுவிட்டார்களா என்று கண்டுபிடிக்க வேண்டும். பேராசிரியர்களுக்கு எழுதுவோம்: இவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? எந்தத் தேர்வு எழுதினார்? எந்த வேலையைச் சமர்ப்பித்தார்? ஆன்லைன் வகுப்பு என்றால் உள்ளே நுழைந்து பார்த்தது மட்டும் போதாது. ஏதாவது எழுதியிருக்க வேண்டும், விவாதத்தில் பங்கெடுத்திருக்க வேண்டும். ஒரே ஒரு பாடத்திலாவது கடைசிவரை இருந்து தோற்றார் என்று தெரிந்தால் அவர் விலகியவர் அல்ல. எந்தத் தடயமும் கிடைக்காவிட்டால் செமஸ்டரின் நட்டநடு நாளை விலகிய நாளாக எடுத்துக்கொள்ளலாம். அப்போது பாதி உதவி திரும்பிப் போகும்.

ஜனவரி முழுவதும் இந்த வேலைதான். சில பேராசிரியர்கள் உடனே பதில் போடுவார்கள், ஒரு வரி கூடுதலாகவும் எழுதுவார்கள்: முதல் கட்டுரையை அருமையாக எழுதிய பையன், செப்டம்பர் கடைசியில் காணாமல் போனான், அவனுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தால் சொல்லுங்கள். எங்களுக்கும் தெரியாது. போன் செய்தால் எண் வேலை செய்யாது. கடிதம் திரும்பி வரும். வீடு மாறியிருப்பார்கள். வீடு மாற வேண்டியிருந்ததே படிப்பு நின்றதற்குக் காரணமாகவும் இருக்கும்.

அப்படி நின்றுபோன ஒருவர் சில வருடம் கழித்து வந்தார். ஹெய்ட்டியைச் சேர்ந்த பெண், நாற்பது வயதுக்கு மேல், முதியோர் இல்லத்தில் நர்ஸிங் உதவியாளர். ஷிப்ட் மாறியதும் வகுப்புக்கு வர முடியாமல் போய், யாரிடமும் சொல்லாமல் நின்றுவிட்டார். சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தெரியவில்லை. வராவிட்டால் பெயர் தானாக நீங்கிவிடும் என்று நினைத்திருந்தார். அந்த செமஸ்டரில் நான்கு எஃப், கட்டணக் கணக்கில் 1,000 டாலர் பாக்கி. பாக்கி வசூல் நிறுவனத்துக்குப் போய் அதன் கூலியும் மேலே ஏறியிருந்தது. இப்போது வேறொரு கல்லூரியில் நர்ஸிங் சேர இடம் கிடைத்திருந்தது. அவர்கள் கேட்டது பழைய பாடங்களின் டிரான்ஸ்கிரிப்ட். பாக்கி இருந்தால் டிரான்ஸ்கிரிப்ட் தர மாட்டார்கள், அன்றைய நடைமுறை அது. அதற்கு முந்தைய செமஸ்டரில் அவர் ஏ வாங்கிய உயிரியல் பாடமும் அந்தத் தாளுக்குள் பூட்டிக் கிடந்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அந்தத் தொகையைத் தவணையாகக் கட்டி முடித்தார், ஆனால் அந்த வருடத்து நர்ஸிங் இடம் கைவிட்டுப் போனது. 2024 ஜூலையில் மத்திய கல்வித் துறையின் புதிய விதி நடைமுறைக்கு வந்தது: அரசு உதவி பெற்று, கட்டணமும் கட்டி முடித்த செமஸ்டர்களின் டிரான்ஸ்கிரிப்ட்டைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது. கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் அதற்கு முன்பே தங்கள் சட்டத்தால் இதைத் தடுத்திருந்தன. செய்தியைப் படித்த அன்று முதலில் நினைவுக்கு வந்தது அவருடைய அந்த உயிரியல் பாடம்தான்.

இந்த நாள் கணக்கே அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். வரிப்பணம் அது. படிக்கவே படிக்காமல் ரீஃபண்டை மட்டும் வாங்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகத் தாவியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இருபது நாள் படித்தவருக்கு இருபது நாள் பணம் என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. எனக்கு ஆறாதது வேறு. அரசாங்கம் மாணவரிடம் பாதியை விட்டுக்கொடுக்கிறது. ஆனால் கல்லூரி வழியாகப் போகும் பணத்தில் அந்த விட்டுக்கொடுத்தல் இல்லை. அது சுற்றிவந்து மாணவர் தலையில்தான் விழுகிறது. நடுவில் விலகுகிறவர்கள் யார்? அப்பா படுத்துவிட்டவர்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள், ஷிப்ட் மாறியவர்கள். இருக்கிற பணமும் தீர்ந்துபோன நேரம் பார்த்து அந்த பில் வருகிறது. வந்தபின் அவர்கள் திரும்பி வர அஞ்சுகிறார்கள்.

2020 வசந்த காலத்தில் அந்த பில் வரவில்லை. மார்ச் 13ல் தேசிய அவசரநிலை அறிவித்தார்கள். கல்லூரி மூடி, வகுப்புகள் ஆன்லைனுக்குப் போயின. எங்கள் மாணவர்கள் பலரிடம் லேப்டாப் கிடையாது. போனில் கட்டுரை தட்டினார்கள். உணவகங்கள் மூடியதில் வேலை போனது. வேலை போகாதவர்கள் கிடங்குகளிலும் மருத்துவமனைகளிலும் கூடுதல் நேரம் நின்றார்கள். ஏப்ரலில் விலகல் படிவங்கள் குவிந்தன. நான் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் அதே கணக்கைப் போட்டேன். ஆனால் மார்ச் 27ல் கையெழுத்தான கேர்ஸ் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. பெருந்தொற்றால் விலகியவர்களுக்கு, கல்லூரி பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம். மாணவரும் தர வேண்டாம். அந்த செமஸ்டருக்கு வாங்கிய மத்திய அரசுக் கடனும் ரத்து. வாழ்நாளில் பன்னிரண்டு செமஸ்டருக்குத்தான் பெல் என்ற வரம்பிலும் அதைச் சேர்க்க வேண்டாம்.

எவ்வளவு திரும்பிப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. அதனால் கணக்கு நின்றுவிடவில்லை. 1,200, 900, 1,450 என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தொகை வரும். பில் மட்டும் போகாது. ஒரு பையனுக்கு நானே போன் செய்து சொன்னேன். அவன் நம்பவில்லை, ஏமாற்று போன் என்று நினைத்து வைத்துவிட்டான். கல்லூரி மின்னஞ்சலிலிருந்து எழுதிய பிறகுதான் நம்பினான். அந்த வசந்தத்தில் விலகியவர்களில் பலர் அடுத்த வருடம் திரும்பி வந்ததை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் கவனித்தோம். அவர்கள் கணக்கில் பாக்கி இல்லை, அதனால் பதிவு செய்ய முடிந்தது.

நான் அந்த வேலையை விடுவதற்கு முன் எங்கள் டைரக்டர் பிடிவாதமாக ஒரு காரியம் செய்து முடித்தார். கல்லூரியின் விலகல் படிவத்தில் நிதியுதவி அலுவலகத்தின் கையெழுத்துக்கு ஓர் இடம் சேர்க்கவைத்தார். மாணவர்களை இன்னொரு வரிசையில் நிற்க வைக்கிறீர்கள் என்று பதிவாளர் அலுவலகம் முதலில் மறுத்தது. நிற்பது கஷ்டம்தான். ஆனால் கையெழுத்துக்காக எங்களிடம் வந்தவர்களில் ஒரு பங்கினர், தொகையைப் பார்த்தபின், ஒரு வகுப்பையாவது வைத்துக்கொண்டு போனார்கள்.

இப்போது எங்கள் ஊர் தமிழ்ப் பள்ளியில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சில சனிக்கிழமைகளில் இதைப் பற்றிப் பேசுகிறேன். பெரும்பாலும் கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் குடும்பங்கள். "எங்க வருமானத்துக்கு பெல் எல்லாம் வராதுங்க, இது எங்களுக்கு எதுக்கு?" என்று ஒருவராவது கேட்பார். பெல் வராது. ஆனால் வருமான வரம்பில்லாத மாணவர் கடனும் பெற்றோரின் பிளஸ் கடனும் இதே கணக்கில்தான் வருகின்றன. செமஸ்டருக்கு 10,000 டாலர் பிளஸ் கடன் வாங்கியிருந்து, பிள்ளை நாற்பது சதவீதத்தில் விலகினால் 6,000 திரும்பிப் போகும். கடன் குறைந்ததே என்று நினைப்போம். ஆனால் கல்லூரி கட்டணத்தைத் திருப்பித் தருகிற காலம் முடிந்திருந்தால், அதே 6,000ஐக் கல்லூரி கையில் கேட்கும், வருடக்கணக்கில் தவணை இல்லாமல், உடனே. பிள்ளை வாங்கிய கடனுக்கும் படிப்பை விட்ட நாளிலிருந்து ஆறு மாத அவகாசம் ஓடத் தொடங்கிவிடும். அதற்குள் பாதி நேர மாணவராகவாவது திரும்பிச் சேர்ந்தால் அவகாசம் மறுபடி முழுதாகக் கிடைக்கும்.

போன பிப்ரவரியில் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா அருகில் வந்தார். மகள் வெளியூரில் பெரிய பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். மூன்று வாரமாக வகுப்புக்குப் போகவில்லை, அறையை விட்டே வருவதில்லை என்று கூட இருக்கும் தோழி போன் செய்து சொல்லியிருக்கிறாள். கணவருக்கு இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் நிதியுதவி அலுவலகத்துக்கு போன் பண்ணப் போகிறேன் என்றார்.

"நீங்க பண்ணினா அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா" என்றேன். 1974ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த பிறகு பிள்ளையின் பதிவுகள் பிள்ளையின் உரிமை. எழுத்தில் அனுமதி இல்லாமல் பெற்றோரிடம் கணக்கைப் பேச மாட்டார்கள். நானே எத்தனையோ தமிழ் அப்பாக்களிடம் போனில் அப்படி மறுத்திருக்கிறேன்.

"முதல்ல நீங்க நாளைக்கே கிளம்பிப் போய் அவளைப் பாருங்க. சாப்பிட வைங்க. அங்க மனநல ஆலோசகர் இருப்பாங்க, கூட்டிட்டுப் போங்க. பணம் அதுக்கு அப்புறம். அவளுக்குத் தெம்பு வந்ததும் நீங்க பக்கத்துல உக்காந்து அவளையே போன் பண்ணச் சொல்லுங்க. நான் படிப்பை விடறேன்னு ஆரம்பிக்க வேண்டாம். விலகினா என் உதவித்தொகைக்கு என்ன ஆகும், என் கணக்குல எவ்வளவு பாக்கி விழும், ஒரே ஒரு வகுப்பை வெச்சிக்கிட்டா என்ன ஆகும்னு கேக்கச் சொல்லுங்க. பதிலை மின்னஞ்சல்ல அனுப்பச் சொல்லிக் கேக்கணும்."

அவர் கைப்பையில் பேனா தேடினார். நான் கொடுத்தேன். கூட்டத்தின் அறிவிப்புத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒவ்வொரு கேள்வியாக எழுதிக்கொண்டார். மூன்றாவது கேள்வியை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.